எந்த நேரத்தில் போகிறது?

கம்பியில்லா இணைய வேலையில் எனக்குத் தெரிந்த வித்தை முழுவதும் ஒரே கேள்வியில் அடங்கிவிடும்: “எந்த நேரத்துல போகுது?”

போன் வந்ததும் வேலைக்குப் புதிதாக வந்த பையன்கள் “என்ன ஆச்சு சார்?” என்று கேட்பார்கள். அதற்கு எல்லா ஊரிலும் ஒரே பதில்தான்: “நெட் வரல.” பரங்கிப்பேட்டை பாய் சொல்வதும் அதுதான், புவனகிரி அரிசிக்கடை அண்ணாச்சி சொல்வதும் அதுதான். நேரத்தைக் கேட்டால்தான் பதில்கள் பிரியும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் என்பார் ஒருவர். விடியற்காலையில் என்பார் இன்னொருவர். காற்றடித்தால் போகிறது என்பார் மூன்றாமவர். நடவு முடிந்ததிலிருந்து சரியில்லை என்பார் ஒரு விவசாயி. நான்கு பேருக்கும் காரணம் வேறு, செய்ய வேண்டிய வேலையும் வேறு. வாடிக்கையாளரின் புகாரில் காரணம் இருக்காது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் நேரம் இருக்கும். அதைக் கேட்டு வாங்கத் தெரிந்தவன்தான் இந்தத் தொழிலில் நிற்கிறான்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், பைபர் போகாத தெருக்களிலும் வயல் நடுவே இருக்கும் வீடுகளிலும் மாடியில் சின்ன டிஷ் கட்டி இணையம் கொடுப்பது என் பிழைப்பு. கோபுரத்தில் ஒரு ரேடியோ, வீட்டு மாடியில் ஒரு ரேடியோ, நடுவில் வெறும் காற்று. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 605 மெகாஹெர்ட்ஸை 2018 அக்டோபரில் மத்திய அரசு உரிமம் தேவையில்லாததாக அறிவித்தது. என்னைப் போன்ற சிறிய ஆட்களுக்குக் கை வீசி நடக்க இடம் கிடைத்தது அதற்குப் பிறகுதான். உரிமம் வேண்டாம் என்றால் எனக்கு மட்டும் வேண்டாம் என்று பொருள் இல்லை. பக்கத்து ஊர்க்காரருக்கும் வேண்டாம். காற்று பொதுச்சொத்து. யார் எந்தச் சேனலில் இருப்பது என்று நாங்கள் நாலைந்து பேர் அவ்வப்போது போனில் பேசித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பக்கத்தில் இந்த வேலைக்கு வயது அதிகம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரி வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. ஊர்களை இணைக்க அவர்கள் நம்பியது விஎச்எஃப் ரேடியோவை. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயர முன்னறிவிப்பை வீராம்பட்டினத்து மீனவர்கள் ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போனார்கள். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நெல்லிக்குப்பத்தில் இஐடி பாரி சர்க்கரை ஆலை, தன் கரும்பு விவசாயிகளுக்காகக் கிராமங்களில் இணைய மையங்கள் வைத்தது. அங்கே ஓடியது கார்டெக்ட். சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய தொழில்நுட்பம் அது. வேகம் நொடிக்கு 70 கிலோபிட், போனில் பேசிக்கொண்டிருந்தால் 35. ஒரு மெகாபைட் புகைப்படம் இறங்க இரண்டு நிமிடம் ஆகும். 2023இல் இருந்து நொடிக்கு 2 மெகாபிட்டுக்குக் குறைந்ததை பிராட்பேண்ட் என்றே சொல்லக் கூடாது என்கிறது அரசின் வரையறை. வேகம் எங்கோ போய்விட்டது. ஆனால் கார்டெக்ட் காலத்து விதி ஒன்று அப்படியே இருக்கிறது: கோபுரமும் மாடியும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும்.

பார்த்தால் மட்டும் போதுமா? எங்கள் பூமி தட்டையானது. தில்லைக் கோபுரங்கள் பல கிலோமீட்டர் தள்ளியிருந்தும் தெரியும். “இங்க நின்னா கோபுரமே தெரியுது தம்பி, உங்க டவர் தெரியாதா?” என்று மாடியில் நிற்கவைத்துக் கேட்பார்கள். கண்ணுக்கு ஒரு நூல் அளவு இடைவெளி போதும், ரேடியோ அலைக்குப் போதாது. அது போகும் பாதை வெள்ளரிக்காய் மாதிரி, முனைகளில் ஒடுங்கி நடுவில் பருத்திருக்கும். ஃப்ரெனல் மண்டலம் என்பது அதைத்தான். 5.8 கிகாஹெர்ட்ஸில் 5 கிலோமீட்டர் லிங்க் என்றால் நட்டநடுவில் அதன் ஆரம் 8 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 5 மீட்டர் அளவுக்காவது, சுற்றிலும் மரமோ கட்டடமோ இல்லாமல் இருக்க வேண்டும். இணைப்பு கொடுக்கும் முன் நான் மாடியைப் பார்ப்பதைவிட வழியில் இருக்கிற தோப்பைப் பார்ப்பது அதிகம்.

தோப்பு என்றால் இங்கே சவுக்கு. கடலூர் மாவட்டக் கடலோர மணலில் சவுக்கு ஒரு பயிர். நட்டு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வெட்டுவார்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று மீட்டர் வளரும். இணைப்பு கொடுத்த நாளில் இடுப்பளவு நின்ற கன்று, இரண்டாவது மழைக்காலத்தில் வெள்ளரிக்காயின் வயிற்றைத் தொட்டுவிடும். “முன்னெல்லாம் நல்லா இருந்துச்சு, இப்ப கொஞ்ச நாளா சரியில்ல” என்று யாராவது சொன்னால் நான் ரௌட்டரைத் தொடுவதில்லை. கோபுரத்தில் ஏறி வழியைப் பார்ப்பேன். அது மழைக்காலத்தில் மட்டும் என்றால் சந்தேகமே வேண்டாம், நனைந்த இலை காய்ந்த இலையைவிட அலையை அதிகம் குடிக்கும். தோப்புக்காரரிடம் போய் வெட்டு எப்போது என்று விசாரித்துக்கொண்டு வந்து, அதுவரை டிஷ் நிற்கும் குழாயை உயர்த்துவதா வேறு கோபுரத்துக்குத் திருப்புவதா என்று முடிவு செய்வோம். சவுக்கு விலை என்ன என்று தெரியாதவன் இந்தக் கடலோரத்தில் நல்ல லிங்க் வைத்திருக்க முடியாது.

மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். “மழ வந்தா உங்க நெட்டு போயிடுது” என்பதுதான் நான் அதிகம் கேட்ட வாக்கியம். 5 கிகாஹெர்ட்ஸில் மழைத்துளி செய்யும் கெடுதல் மிகக் குறைவு. மணிக்கு 100 மில்லிமீட்டர் என்று கொட்டினாலும் கிலோமீட்டருக்கு ஒரு டெசிபல் அளவுதான் இழப்பு. ஒழுங்காகக் கட்டிய லிங்க் அதைப் பொருட்படுத்தாது. 60 கிகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசையில் மழை நிஜமான எதிரி. 5 கிகாஹெர்ட்ஸில் அப்படி இல்லை. அப்படியானால் மழையில் ஏன் போகிறது? மறுபடியும் நேரம்தான் பதில் சொல்லும். மழை தொடங்கியதுமே போனால் பெரும்பாலும் கரண்ட். தெருவில் மின்சாரம் நின்றிருக்கும், வீட்டில் இன்வெர்ட்டர் ஓடுவதால் அவர்களுக்குத் தெரிந்திருக்காது, கோபுரத்துப் பேட்டரி பழசாக இருந்தால் ரேடியோ அணைந்துவிடும். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்துப் போனால் அது கேபிளின் தலை.

கேபிளின் தலையை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாடி ரேடியோவுக்குப் போகும் லேன் கேபிளின் முனையில் ஆர்ஜே 45 என்ற கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் துண்டு. உள்ளே எட்டுச் சிறு தகடுகள், தங்க முலாம் பூசியவை. பரங்கிப்பேட்டை, கிள்ளை, சாமியார்பேட்டை பக்கம் இரண்டு மழை பார்த்த ஒன்றைக் கழற்றினால் ஆறு தகடுகள் மஞ்சளாக மின்னும், நான்காவதும் ஐந்தாவதும் பச்சை பிடித்துப் பொடிந்துவரும். ஏன் அந்த இரண்டு மட்டும்? ரேடியோவுக்கான 24 வோல்ட் மின்சாரமும் அதே கேபிளில்தான் மேலே போகிறது. நீலச் சோடி பாசிட்டிவ், பழுப்புச் சோடி நெகட்டிவ். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் பாசிட்டிவ் பக்கத்து உலோகம் கரைந்து போகும். ரேடியோ அணைந்து அணைந்து எரியும். தரவு போகும் சோடிகளில் ஈரம் பட்டால் லிங்க் அறுந்துவிடாது, 100 மெகாபிட்டில் ஓட வேண்டியது 10 மெகாபிட்டுக்கு இறங்கி நின்றுகொள்ளும். வாடிக்கையாளர் “வருது, ஆனா இழுக்குது” என்பார். தண்ணீர் மேல் முனையில் நுழைந்து, உறைக்குள்ளேயே ஊர்ந்து, கீழே அறைக்குள் இருக்கும் அடாப்டரில் சொட்டுவதும் உண்டு.

இதற்கு மருந்து பெரிய செலவில்லை. வெயிலைத் தாங்கும் கறுப்பு அவுட்டோர் கேபிள், உள்ளே போகும் இடத்துக்கு முன் தண்ணீர் சொட்டி விழ ஒரு தொங்கு வளைவு, முனைக்கு ரப்பர் டேப் சுற்று, அதன் மேல் இன்னொரு சுற்று, ரேடியோவின் மூடி கீழ்ப்பக்கம் பார்த்திருப்பது. ஜிஐ கிளாம்ப் கடலோரத்தில் சீக்கிரம் துருப்பிடித்துப் பொரிந்துவிடும், அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். வேலை முடிந்து இறங்கும் நேரத்தில் அவசரப்படுபவனின் லிங்க் ஐப்பசியில் பேசும்.

காற்றில் போகும் இணைப்பு வேறு ரகம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஒன்றரை அங்குலக் குழாய் எம்மாத்திரம்? கூர்மையான டிஷ்ஷின் பார்வை ஐந்தாறு டிகிரிதான் அகலம். டிஷ் ஒரு டிகிரி திரும்பினால் 5 கிலோமீட்டர் தொலைவில் அதன் குறி 87 மீட்டர் விலகும். காற்றடிக்கும்போது மட்டும் போய், நின்றதும் வந்தால், குழாய் ஆடுகிறது, மூன்று பக்கமும் ஸ்டே கம்பி கட்ட வேண்டும். காற்று நின்ற பிறகும் வராவிட்டால் டிஷ் திரும்பியே விட்டது, நட்டு தளர்ந்திருக்கிறது. நடுவில் தென்னை மட்டை ஆடினால் விநாடிக்கு விநாடி சிக்னல் ஏறி இறங்கும். மூன்றையும் போனிலேயே பிரித்துவிடலாம், சரியாகக் கேட்டால்.

நடவுக்குப் பிறகு சரியில்லை என்று சொன்ன விவசாயியை முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் சொல்வது உண்மை. கோடையில் வெடித்துக் கிடக்கும் வயல் அலையைச் சிதறடிக்கும். சம்பாவுக்குத் தண்ணீர் கட்டிச் சேறடித்ததும் அதே நிலம் வழவழப்பான நீர்ப்பரப்பாகி அலையைத் திருப்பி அனுப்பும். நேராக வருவதும் தண்ணீரில் பட்டு வருவதும் டிஷ்ஷில் சந்திக்கும்போது ஒன்றையொன்று கூட்டலாம், ஒன்றையொன்று அழிக்கவும் செய்யலாம். கணக்குப் போட்டால், 20 மீட்டர் கோபுரத்திலிருந்து 5 கிலோமீட்டரில் மாடி டிஷ் 13 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய அழியும் இடம். அதையே 10 மீட்டருக்கு இறக்கினால் கூடும் இடம். சிக்னல் குறைகிறது என்றால் மேலே ஏற்றத்தான் கை போகும். வயல்வெளியில் சில சமயம் இறக்க வேண்டும். வீட்டுக்காரர் நம்மைச் சந்தேகமாகப் பார்ப்பார், போனில் அளவைக் காட்டினால் சிரிப்பார். வெள்ளாற்று முகத்துவாரம், உப்பனாறு போன்ற நீர்ப்பரப்புகளைத் தாண்டும் லிங்குகளிலும் இதே சங்கதிதான்.

விடியற்காலைப் புகார் பங்குனி, சித்திரையில் கடலோரத்திலிருந்து வரும். காற்றே இல்லாத இரவுகளில் கடல்மேல் ஈரக்காற்று கீழும் வறண்ட சூட்டுக்காற்று மேலுமாக அடுக்கு கட்டும். அந்த அடுக்கு ரேடியோ அலையை வளைத்து, போக வேண்டிய இடத்தில் குறைத்து, போகக் கூடாத தூரத்துக்குக் கொண்டுபோய் விடும். நாகை, வேதாரண்யம் பக்கம் இலங்கை எஃப்எம் தெளிவாகக் கேட்பதும் இதனால்தான். பத்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீண்ட லிங்குகள் அந்த நேரத்தில் தள்ளாடும், எங்கோ இருக்கும் ரேடியோவின் இரைச்சலும் வந்து சேரும். வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிடும். இதற்குச் செய்யக்கூடியது, லிங்கைத் துண்டாக்கிக் குறுக்குவது. டெக்னீஷியன் பத்து மணிக்குப் போய்ப் பார்த்து “எல்லாம் நல்லாத்தானே இருக்கு” என்று எழுதிவிட்டு வருவதால் ஒரு பயனும் இல்லை. அந்த வீட்டுக்கு ஐந்து மணிக்குப் போக வேண்டும்.

மிச்சம் இருப்பது சாயங்காலம் ஏழிலிருந்து பத்து. இதில் வானிலைக்கு வேலை இல்லை, எங்கள் நேர்மைக்குத்தான் வேலை. கோபுரத்து ரேடியோ ஒன்றின் நேரத்தை அதில் இணைந்த எல்லா வீடுகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. சிக்னல் மைனஸ் 60 என்று பலமாக இருக்கும் வீடு ஒரு வீடியோவைச் சட்டென்று வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடும். மைனஸ் 80 என்று பலவீனமாக இருக்கும் வீடு அதே வீடியோவுக்குப் பல மடங்கு நேரத்தைத் தின்னும். அது அந்த வீட்டுப் பிரச்சினை என்று விட முடியாது, அந்த ரேடியோவில் இருக்கும் எல்லோருடைய இரவும் அதனால் கெடும். ஆகவே “கொடுக்க முடியாதுங்க” என்று சொல்லத் தெரிவது இந்தக் கைத்தொழிலின் பெரிய பாடம். துபாயில் இருக்கும் மகனைத் தினமும் பார்க்க வேண்டும் என்று ஒரு அம்மா கேட்கும்போது அதைச் சொல்வது எளிதல்ல. சொல்லாமல் இணைப்பு கொடுத்தால், அந்த அம்மாவுக்கும் உறைந்த முகம்தான் தெரியும், பக்கத்துத் தெருவில் ஆன்லைன் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கும் கெடும். ரேடியோ நிரம்பிவிட்டால் இன்னொன்று மாட்ட வேண்டும், இல்லையென்றால் புது இணைப்பை நிறுத்த வேண்டும். மூன்றாவது வழி வாடிக்கையாளரை ஏமாற்றுவது.

2023இல் பெரிய நிறுவனங்கள் 5ஜி கோபுரத்திலிருந்தே வீட்டு இணையம் கொடுக்கத் தொடங்கிவிட்டன. அவர்களிடம் உரிமம் பெற்ற அலைவரிசை இருக்கிறது, என்னைவிட நல்ல கருவி இருக்கிறது. ஆனால் அந்தக் கோபுரத்தை ஊரின் மொபைல் போன்களும் பங்குபோடுகின்றன, ஏழு மணி அவர்களுக்கும் ஏழு மணிதான், சவுக்கு அவர்களுக்கும் வளரும். மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடியிழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தில் எங்கள் மாவட்டத்தின் 683 ஊராட்சிகளும் உண்டு. வரட்டும். பைபர் போகக்கூடிய வீட்டுக்குப் பைபர்தான் நல்லது என்று நானே சொல்லி அனுப்புகிறேன். ஊராட்சி அலுவலகம் வரை வந்த இழை வயல் நடுவே இருக்கும் வீட்டுக்குப் போகக் காலமாகும், அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டரில் எனக்கு வேலை இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இது புயல் வருகிற மாவட்டம். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியபோது காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை அடித்தது. முந்திரியும் பலாவும் சாய்ந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, பல ஊர்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது, அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரின் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. கம்பத்தில் தொங்கும் பைபர், கம்பத்தோடு சேர்ந்து விழும். தரைக்குள் போவதைச் சாதாரண நாளிலேயே பொக்லைன் அறுத்துப் போடும். இரண்டு டிஷ், ஒரு பேட்டரி, ஏற ஒரு மாடி இருந்தால் கம்பியில்லா லிங்கை ஒரு மணி நேரத்தில் எழுப்பலாம். புயல் எச்சரிக்கை வந்ததும் பேட்டரியை நிறைத்து வைத்து, உதிரி டிஷ்ஷை வண்டியில் ஏற்றி, முதலில் ஆஸ்பத்திரி, அடுத்து இ-சேவை மையம், பிறகு வீடுகள் என்று வரிசை எழுதி வைத்துக்கொள்வது எங்கள் ஐப்பசி, கார்த்திகை வேலை. சாதாரண நாளில் கம்பியைவிட ஒரு படி கீழே நிற்கும் இந்த வித்தை, அந்த நாட்களில் ஒரு படி மேலே நிற்கும்.

வாசகருக்குச் சில வார்த்தை. உங்கள் இணையம் யாருடையதாக இருந்தாலும், அது போகும்போதெல்லாம் மணியையும் அப்போது மழையா காற்றா கரண்ட் இல்லையா என்பதையும் ஒரு வாரம் காலண்டரில் குறித்து வையுங்கள். பிறகு புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண் இருந்தால்தான் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக முடியும், அந்த உரிமையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இலேயே கொடுத்திருக்கிறது. 2024இல் வந்த அதன் புதிய விதிகளின்படி, மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் மொபைல் சேவை நின்றால் கட்டணத்தில் கழிவோ காலநீட்டிப்போ தர வேண்டும். இயற்கைச் சீற்றத்துக்கு அது பொருந்தாது, எங்கள் மாவட்டத்தில் அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

புதிதாக இணைப்பு வாங்குகிறவர்கள் எத்தனை எம்பிபிஎஸ் என்று கேட்டு வாங்காதீர்கள். அதே கோபுரத்தில் ஏற்கெனவே இருக்கும் வீடு எது என்று விசாரித்து, இரவு எட்டரை மணிக்கு அங்கே போய் ஒரு வீடியோ கால் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.